கடலை நேரலையில் காட்டிய சாயங்காலம்

2004-ல் மரக்காணத்தில் எங்கள் பக்கத்துக்குக் கேபிள் கனெக்ஷன் கொடுத்துவந்த அண்ணனும் அவர் மனைவியும் தினம் இரவில் உள்ளூர்ச் செய்தி போட ஆரம்பித்தார்கள். வாசித்தது நான். உப்பளக் கூலி வேலைக்குப் போகிறவரின் மகள். காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அண்ணியே வந்து அம்மாவிடம், "நான் கூடவே இருப்பேன், தைரியமா அனுப்புங்க" என்று கேட்டார். கல்யாண வீடுகளுக்காக வாங்கிய கேமராவை அவர்தான் பிடிப்பார்.

ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறது, நாளை இந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, பக்கத்து ஊர் கூனிமேட்டில் ஓர் எருமை கட்டறுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் செய்தி அவ்வளவுதான். உப்பளத்துக்குப் போகும் பெண்கள் என்னைப் பார்த்தால், "நியூஸு போவுது பாரு" என்று சிரிப்பார்கள்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. குப்பங்களில் உயிர்கள் போயின. தண்ணீர் வடிந்த பிறகும் பயம் வடியவில்லை. "திரும்ப வருது" என்று யாராவது சொன்னால் போதும், ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார்கள். அப்படி ஓடியதில் நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள்.

அதைக் கேட்ட அண்ணன், "நாம சொன்னா நம்ப மாட்டாங்க. கடலையே காட்டிடலாம்" என்றார். உள்ளே தள்ளியிருந்த கிராமங்களிலும் எங்கள் கேபிள் ஓடியது. ஓடிப்போனவர்கள் அங்கேதான் இருந்தார்கள். கைவசம் இருந்த ஒயர் சுருள்களை எல்லாம் இணைத்துக் கடற்கரை வரை இழுத்தார். அம்மா வேண்டாம் என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு வந்தார்.

கடலுக்கு முதுகு காட்டி நின்றேன். எனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிய அண்ணியின் முகம் ஒன்றுதான் இருந்தது. செய்தித் தமிழ் வாயில் வரவில்லை. "பாத்துக்குங்க, இப்ப கடல் இப்படித்தான் இருக்குது. ஒன்னும் இல்ல. நாங்க இங்கதான் நிக்கிறோம்" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அண்ணனின் செல்போன் அடித்தது. மேற்கே ஓடிப்போயிருந்த கூனிமேட்டு வியாபாரி ஒருவர். "அந்தப் பொண்ணு நெசமாவே கடக்கரையில நிக்குதா?"

"என் சம்சாரமும் நிக்கிறாங்க, பாய்."

"அப்ப நாங்க வூட்டுக்குக் கெளம்புறோம்."

இருட்டுவதற்குள் மூட்டைகளோடு ஜனங்கள் திரும்பி வருவதைப் பார்த்தோம். அப்போதுதான் அண்ணி, "நான் கடலப் பாக்கவே இல்ல. பாத்தா கை நடுங்கும்னு உன்னையே பாத்துகினு இருந்தேன்" என்றார். அப்பா சிரித்துவிட்டார். கடல் வந்த பிறகு அவர் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான்.

பயம் தெளியும்வரை சாயங்காலம்தோறும் கொஞ்ச நேரம் கடலைக் காட்டினோம். கை ஒடிந்தவளுக்குப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதையும் நான்தான் வாசித்தேன்.

2006-ல் வெளியூர்க்காரர் ஒருவர் லைனை வாங்கிக்கொண்டார். உள்ளூர்ச் சேனல் நின்றது. இப்போது பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நாலு பேருக்கு முன்னால் நின்று பேச எனக்கு வாய் கொடுத்தவர்கள் அந்த இரண்டு பேரும். பொங்கலுக்குப் பொங்கல் அவர்கள் வீட்டுக்குப் போய் வருகிறேன்.