கூட்டாளிக்கு இன்னொரு சொல்

சிராங்கூன் சாலையில் மழை தூறுகிறது. என் கல்லூரித் தோழன் சுந்தரம் தினமும் வந்துபோன கோப்பிக்கடை இது. அவனைப் பார்க்கத்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். நான் வந்து இறங்குவதற்குள் அவன் இறந்து, உடலை எரித்தும்விட்டார்கள்.

சீனக் கடைக்காரர் கோப்பையைக் கொண்டுவந்து வைக்கிறார்.

"குடி, வவ்வாலு."

வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை மேசையிலேயே வைத்துவிடுகிறேன். இரவெல்லாம் விழித்துப் படித்த எனக்கு விடுதியில் சுந்தரம் வைத்த பெயர் அது. அவனைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"இதை யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

"சுந்தரம் தினம் சொல்லும் லா. வவ்வாலு என் கூட்டாளி, வவ்வாலு என் கூட்டாளி. வவ்வாலுன்னா கூட்டாளிதானே?"

"ஆமா" என்கிறேன்.

யாரோ நனைந்துகொண்டு உள்ளே வருகிறார்.

"வா, வவ்வாலு" என்கிறார் கடைக்காரர்.

நானும் வாசலைத் திரும்பிப் பார்க்கிறேன்.