குடுத்துவிடுங்கோ

எங்கள் கார் பழுதாகிப்போக வேண்டும் என்று நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தேன். சின்னப் பழுது அல்ல, திருத்தவே முடியாத பழுது. ஊரில் யாராவது கார் வாங்கினால் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, வாகனம் நல்லபடி ஓட வேண்டும் என்று கும்பிடுவார்கள். நான் ஒருத்திதான் அதே வாசலில் நின்று ஓடவே கூடாது என்று கேட்டவள். கேட்கும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

காரணம் கார் அல்ல, இவர். இவர் என்றால் என் கணவர். நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் பகுதியில் பாதி வேலிச் சண்டைகளை அளந்து முடித்துவைத்தவர் இவர்தான். சங்கிலி போடுவதற்கு முன்பே கண்ணை இடுக்கிப் பார்த்து, "வேலி ஒரு சாண் அங்காலை போட்டுது" என்பார். அளந்து பார்த்தால் ஒரு சாண்தான் இருக்கும். அப்படிப்பட்ட மனிதரிடம் உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று யார் போய்ச் சொல்வது?

அதை முதலில் கண்டுபிடித்தது நான்தான், அதுவும் சாப்பாட்டு மேசையில். சோற்றுக்கு இடது பக்கம் சம்பலை வைப்பது என் வழக்கம். ஒருநாள் சாப்பிட்டு முடிக்கிற நேரம், "இண்டைக்குச் சம்பல் அரைக்கேல்லையோ?" என்று கேட்டார். சம்பல் வைத்த இடத்திலேயே இருந்தது. பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த நாளும் அப்படியே நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு கவனித்துப் பார்த்தால், கதவு நிலையில் எப்போதும் இடது தோளைத்தான் இடித்துக்கொள்கிறார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண் டொக்டர் பொறுமையாகச் சொன்னார். "கண்ணுக்குள்ளை அழுத்தம் கூடி, பக்கப் பார்வை குறைஞ்சுகொண்டு போகுது ஐயா. இடது பக்கம் கனக்கப் போட்டுது. போனது திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாத்தத்தான் உந்தத் துளி மருந்து. வாகனம் ஓடுறதைக் குறையுங்கோ."

வீட்டுக்கு வந்து ஒரு கிழமை போகவில்லை, இவர் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

"டொக்டர் ஓடுறதைக் குறைக்கச் சொன்னவர் எல்லே?" என்றேன்.

"ஓம். நான்தான் வேகத்தைக் குறைச்சிட்டனே."

இதற்கு மேல் வாய் திறந்தால் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கத்து மரண அறிவித்தல்களில் உள்ள பொடி எழுத்தை உரக்க வாசித்துக் காட்டுவார். செத்தவரின் மருமக்கள், சகலன், சம்பந்தி என்று ஒருவரையும் விடமாட்டார். "உது தெரியிற கண்ணுக்கு றோட்டுத் தெரியாதோ?" என்பார். நேரே இருப்பது தெரிகிறதுதான். பக்கத்தால் வருவதல்லவா ஆளைக் கொல்லும்?

அன்றிலிருந்து இவர் கார் எடுக்கும்போதெல்லாம் நானும் ஏறினேன். தலைமயிர் வெட்டப் போனாலும் போனேன். பெற்றோல் அடிக்கப் போனாலும் போனேன். முன்வீட்டு மனிசி, "வயசு போன காலத்திலை அக்காவுக்கு ஊர்சுத்த ஆசை வந்திட்டுது" என்று பகிடி பண்ணினா. பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். முன் சீற்றில் இவருக்கு இடது பக்கம் இருந்துகொண்டு, வழி முழுக்க வாய் ஓயாமல் கதைப்பேன். நேரடியாகச் சொன்னால் ரோசம் வந்துவிடும் என்பதால் ஊர்க்கதை போலத்தான் சொல்வேன். "அங்கை பாருங்கோ, சைக்கிளிலை வாற பெடியன் ஆற்றை மகன்?" என்று யாருடைய பிள்ளை என விசாரித்தால் இடது பக்கம் சைக்கிள் வருகிறது என்று அர்த்தம். "உந்த மனிசிக்கு என்ன அவசரம், சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருது" என்றால் யாரோ வீதியைக் கடக்கிறார்கள். ஆடு, மாடு, ஓட்டோ எல்லாவற்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து இறங்கும்போது தொண்டை வறண்டு, சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருக்கும்.

ஒரே ஒருநாள்தான் கதையை நிறுத்தினேன். எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால், பலாலி வீதியில், கம்பஸ் விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரம். என் பைக்குள் இருந்து துளி மருந்துப் போத்தல் விழுந்து காலடியில் உருண்டுவிட்டது. குனிந்து எடுத்தேன். நிமிர்வதற்குள் கார் குலுங்கி நின்றது. இடது பக்கக் கண்ணாடிக்கு வெளியே, கை எட்டுகிற தூரத்தில், ஒரு பிள்ளை சைக்கிளோடு சரிந்து நின்றாள். காரின் மட்காட்டில் அவளுடைய சைக்கிள் உரசியிருந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. பாவம், அவள்தான் எங்களிடம் "சொறி அன்ரி" என்றாள்.

இவர் வலது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகுதான் இடது பக்கம் பார்த்தார். "உவள் எங்கையிருந்து வந்தவள்?" என்றார்.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அந்தப் பிள்ளையின் தாயை எனக்குத் தெரியாது. ஆனால் கெட்ட செய்தியோடு அந்தத் தாயின் வாசலில் நான் போய் நிற்பதையே கண்ணை மூடினாலும் திறந்தாலும் கண்டேன். விடிந்ததும் பிள்ளையாரிடம் போனேன்.

இவ்வளவு கெதியில் என் வேண்டுதல் எதுவும் பலித்ததில்லை. அந்தக் கிழமையே மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது காரின் முன்பக்கத்தால் புகை வந்தது. இவர் இறங்கி மூடியைத் திறந்தார். கொதிதண்ணி சீறியது. கட்டி இழுத்துக்கொண்டுபோய்க் குருநகர்ப் பக்கம் இருக்கும் கராச்சில் விட்டோம். மீன் பழுதாகிவிட்டது, நான் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

கராச்காரர் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். இரண்டு நாள் கழித்துப் போனபோது கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, சூட்டிலை எஞ்சின் ஹெட் வளைஞ்சு போச்சுது. முழுக்க இறக்கித்தான் செய்ய வேணும். செய்யலாம், ஆனால் செலவும் நாளும் போகும். காரும் வயசு போனது. இல்லையெண்டால் உப்பிடியே குடுக்கலாம். சாவகச்சேரியிலை ஒருத்தர் இந்த மொடல் காரைத்தான் தேடித் திரியிறார்."

எங்கள் ஊரில் வீடு, காணி, வாகனம் எதையும் யாரும் 'விற்பதில்லை'. விற்கிறோம் என்றால் கையில் காசில்லாமல் முட்டுப்பட்டுவிட்டது என்று ஊர் நினைக்கும். அதனால் 'குடுக்கிறது' என்பார்கள். "அந்தக் காணியைக் குடுத்திட்டினம்" என்றால் விற்றுவிட்டார்கள் என்று எல்லாருக்கும் விளங்கும். கராச்காரர் 'குடுக்கலாம்' என்றபோது எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. இவர் முகத்தையே பார்த்தேன்.

"என்னத்துக்குக் குடுக்கிறது? நீர் அதைச் செய்யும்," என்றார் இவர்.

கார் கராச்சில் கிடந்த அந்த ஒரு மாதமும் எனக்குப் பாதிச் சந்தோசம், பாதி வயிற்றெரிச்சல். ஓட்டோவில் போய்வந்தோம். வழியில் நான் வாயே திறக்கவில்லை. ஆனால் இவர் காலையில் தேத்தண்ணி குடித்தவுடனே போனை எடுத்து, "ஹெட் வந்திட்டுதோ? பூட்டியாச்சோ?" என்று கேட்கும்போதெல்லாம் இல்லை என்ற பதில் வர வேண்டும் என்று பிள்ளையாரை நினைப்பேன். கார் சுகமாகிக்கொண்டு வந்தது. இவருடைய கண் இன்னும் கொஞ்சம் குறைந்துகொண்டு வந்தது. ஒருநாள் முற்றத்தில் காயப்போட்ட மிளகாய்ப் பாயின்மேல் நடந்து போனார், அது அங்கே இருப்பது தெரியாமலே.

கராச்காரர் போன் எடுத்தபோது இவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கார் முடிஞ்சுது. இனி என்ன செய்யிறது? அண்ணை வருவாரோ?"

 இவர் போனால் குருநகரில் இருந்து ஆஸ்பத்திரி வீதிச் சனத்துக்குள்ளால் தானே ஓட்டிக்கொண்டு வருவார். என் தங்கையின் மகன், என் பெறாமகன், நன்றாகக் கார் ஓட்டுவான். அவனை அனுப்பலாம் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

"அவர் வர மாட்டார். நாளைக்கு ஆள் வரும், குடுத்துவிடுங்கோ," என்றேன்.

 கராச்காரர், "அண்ணைக்குச் சம்மதமோ?" என்று கேட்டார்.

வேறு ஆள் ஓட்டுவதற்கு இவர் சம்மதிப்பாரோ என்று கேட்கிறார் என்றே நான் விளங்கிக்கொண்டேன். "அவரோடை நான் கதைக்கிறன். நீங்கள் குடுத்துவிடுங்கோ," என்று இன்னொருமுறை அழுத்திச் சொல்லிப் போனை வைத்தேன்.

ஒரு சாமானை ஒருவர் கையில் கொடுத்து அனுப்பச் சொல்வதற்கும் எங்களிடம் அதே சொல்தான். நான் அதைத்தான் நினைத்தேன். பெறாமகன் போய்க் காரைக் கொண்டுவருவான் என்று அன்றிரவே இவரிடம் சொல்லியும் வைத்தேன்.

மறுநாள் பத்து மணியளவில் பெறாமகன் கராச்சில் இருந்து போன் எடுத்தான். "பெரியம்மா, கார் இஞ்சை இல்லை. சாவகச்சேரி ஆள் காலமையே வந்து கொண்டுபோட்டாராம். நீங்கள்தான் குடுக்கச் சொன்னனீங்களாம்."

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோசம். பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்தது போல இருந்தது. அடுத்த மூச்சில் பயம் வந்துவிட்டது. இவர் முற்றத்தில் வாளித் தண்ணியும் துணியும் வைத்துக்கொண்டு, கார் வந்தவுடன் கழுவுவதற்காக நின்றுகொண்டிருந்தார். பக்கத்து மர வாங்குக்கு மேல் நான்கு தேசிக்காயும் வைத்திருந்தார். நான் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டே நின்றேன். 

நான் சொல்வதற்கு முன்பே மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. பெறாமகனுக்குப் பின்னால் கராச்காரர் இருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதைக்கத் தொடங்கினார்.

"அண்ணை, பிழை என்ரைதான். சாவகச்சேரி ஆள் ரெண்டு தரம் வந்து பாத்திட்டுப் போனவர், இண்டைக்கும் வாறன் எண்டவர். அக்கா 'ஆள் வரும், குடுத்துவிடுங்கோ' எண்டதும், அவர் உங்களோடை கதைச்சு முடிச்சிட்டார் எண்டு நினைச்சுப்போட்டன். பயப்பிடாதேங்கோ, நீங்கள் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. ஒரு போன் எடுத்தால் திருப்பிக் கொண்டந்து விடுவார்."

நான் இவர் பக்கம் திரும்பினேன். "நான் விக்கச் சொல்லேல்லை அப்பா," என்றேன். அந்தச் சொல்லே வாயில் கசந்தது. "இவனிட்டைக் குடுத்துவிடச் சொன்னனான்."

 இவர் துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் விரித்துப் போட்டார். கோபம் வந்தால் இவர் சத்தம் போடமாட்டார், இப்படித்தான் சின்ன வேலைகள் செய்வார். நான் வெடிப்புக்குக் காத்திருந்தேன். திருப்பிக் கொண்டுவரச் சொல்லப்போகிறார், பின்னேரமே ஏறி இருந்து ஓட்டப்போகிறார், நானும் பக்கத்தில் ஏறி இருந்து ஊர்க்கதை சொல்லப்போகிறேன் என்று என் மனம் ஓடியது. இன்னும் எத்தனை நாளைக்கு என் கண்ணும் வாயும் தாக்குப்பிடிக்கும் என்று தெரியவில்லை.

"கடதாசி கொண்டந்தனீரோ?" என்று கராச்காரரைக் கேட்டார்.

அவர் சேட்டுப் பையில் இருந்து மடித்த கடதாசியை எடுத்தார். இவர் அதை முகத்துக்கு நேரே பிடித்து, முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பேனை கேட்டு வாங்கினார். வாங்கில் இருந்துகொண்டு, அளவையாளருக்கே உரிய அந்தக் கையெழுத்தைக் கோட்டுக்கு மேல் நேராக வைத்தார்.

"அவ பிழையாச் சொல்லேல்லை. நீரும் பிழையா விளங்கேல்லை," என்று கடதாசியை நீட்டினார்.

அவர்கள் இரண்டு பேரும் போனபிறகு இவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். நான் அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். "என்னிலை கோபமோ?" என்று கேட்டேன்.

"உம்மிலை என்னத்துக்கு? எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீர்? சந்தியிலை ஆற்றை மகன், ஆற்றை மகள் எண்டு நீர் கேட்டதெல்லாம் என்னத்துக்கெண்டு எனக்கு விளங்கினதுதான்."

நான் திகைத்துப்போனேன். "விளங்கினதெண்டால் பேந்து ஏன் ஓடினனீங்கள்?"

"நீர் பக்கத்திலை இருக்கிறீர் எண்டுதான் ஓடினனான். இடது பக்கத்தை நீர் பாப்பீர்தானே."

"அப்ப நான் வராமல் விட்டிருந்தால்?"

இவர் யோசித்துப் பார்க்கவும் இல்லை. "எப்பவோ ஓடுறதை விட்டிருப்பன்," என்றார்.