மதாமின் கறுப்புத் திரை

கணினி விசைப்பலகையின் வலது ஓரத்தில் நான்கு அம்புக்குறிகள் இருக்குமே, அவற்றில் மேலே பார்க்கும் அம்பை அழுத்த வேண்டி வரும்போதெல்லாம் என் விரல் இன்னமும் ஒரு கணம் தயங்கும். இந்த வேலையில் சோறு தின்கிறவள் ஒரு பொத்தானுக்குப் பயப்படலாமா என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். அந்தப் பொத்தான் எனக்குக் காட்டியதை அவருக்குக் காட்டவில்லை.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. புதுச்சேரி கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளில் இருக்கும் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிப் பிரான்சுக்கு அனுப்புகிற வேலை. பதினோரு பேர் தட்டச்சு செய்வார்கள். பன்னிரண்டாவதாக நான், கணினிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள்; முதலியார்பேட்டையிலிருந்து மொபெட்டில் வருவேன். எங்கள் எல்லோருக்கும் மேலே அதிகாரியாக மதாம்; 'மேடம்' என்பதன் பிரெஞ்சு. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது, அதை யாரும் சொன்னதில்லை. ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், குருசுக்குப்பத்தில் அண்ணன் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்தார். ஒரே ஒரு எழுத்துப் பிழைக்காக நாள் முழுக்க ஒருத்தியோடு பேசாமல் இருக்கக் கூடியவர். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் பாதி வடையை அப்படியே மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிடுவோம்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, கணினியில் நாட்குறிப்பு எழுத ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். இருக்கிறது என்று ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் ஒன்றைக் காட்டினேன். முகம் சுளித்தார். "இந்த எலியப் புடிச்சுக்கிட்டு அலையற வேலையெல்லாம் எனக்கு ஆவாதும்மா. டைப் ரைட்டர் மாதிரி, அடிச்சமா முடிச்சமான்னு இருக்கணும்" என்றார். அதனால் கறுப்புத் திரையில் கட்டளையாக எழுதும் ஒரு சின்ன நிரலைப் போட்டுக்கொடுத்தேன். நாட்குறிப்பின் பெயரை அடித்து, பக்கத்திலேயே சொல்ல வேண்டியதை ஒரே வரியில் எழுதி, என்டர் தட்டினால் போதும். தேதியும் நேரமும் அதுவே சேர்த்துக்கொள்ளும்.

அதன் அமைப்புக் கோப்பில் மதாம் சொன்னபடி ஒவ்வொன்றாக மாற்றினேன். தேதி பிரெஞ்சு முறையில் வர வேண்டும். எழுதியதெல்லாம் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்புக்குள் போக வேண்டும். எழுதி முடித்ததும் நிரல் ஒரு பதில் வரி காட்டும், அதில் பிரெஞ்சில் நன்றி சொல்லி "மெர்சி, மதாம்" என்று வர வேண்டும். இந்தக் கடைசி ஆசைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "யாரும் படிக்க முடியாதே?" என்று கேட்டார். கடவுளே வந்தாலும் முடியாது என்றேன். "நீ?" என்றார். "நானும்தாங்க மதாம்" என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு!

ஏழெட்டு மாதம் கழித்து அவருடைய கணினியில் கடிகாரம் பின்தங்குவதாகச் சொன்னார். அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் உட்கார்ந்தேன். முன்பு நான் அடித்த கட்டளையை மறுபடி எடுக்க மேல் அம்பை அழுத்தினேன். கறுப்புத் திரைக்கு ஒரு பழக்கம் உண்டு: நாம் அடித்த வரிகளையெல்லாம் அது தனியாக ஞாபகம் வைத்திருக்கும், அம்பை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டும். என் கட்டளை வரவில்லை. மதாமின் நாட்குறிப்பு வந்தது. பூட்டிய கோப்பு பூட்டியபடியே இருந்தது. ஆனால் அவர் எழுதிய வரியெல்லாம் பூட்டே இல்லாமல் இந்தப் பக்கமும் சேர்ந்துகொண்டிருந்தது. வாசலில் பூட்டைத் தொங்கவிட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உடனே எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. முதலில் அது என்ன மொழி என்றே தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் முத்து, சுப்பு என்ற பெயர்களை ஆங்கில எழுத்தில் பிரெஞ்சுக்காரன் மாதிரி நீட்டி எழுதுவார்களே, அந்த எழுத்துக்கூட்டலில் தமிழை எழுதியிருந்தார். கண்ணால் பார்த்தால் ஒன்றும் விளங்காது, வாய்விட்டுப் படித்தால்தான் காதுக்குப் புரியும். படித்தேன்.

"இன்னிக்கும் இருக்கு." அதற்கு முந்தின வரி: "வலி இல்ல. வலி இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தமா?" அதற்கும் முன்னால்: "எடது பக்கம், மார்ல. நெல்லிக்கா அளவு ஆயிடுச்சு." இன்னும் மேலே போனேன். "அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அண்ணன்கிட்ட சொல்லல." "பெரிய ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் போயிட்டு திரும்பிட்டேன்."

அந்தக் கடைசி வரியை மதாமின் குரலில்லாமல் என் குரலில், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து நானே சொல்லிக் கேட்டேன். கடிகாரத்தைச் சரிசெய்ய மறந்தே போனேன்.

அதன் பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஒரே ஒரு கட்டளையில் அந்தக் கொல்லைக் கதவை அடைத்திருக்கலாம். அடைத்தால் அவருக்கு என்ன ஆகிறது என்று தெரியாமல் போய்விடும். போய்ச் சொன்னாலோ, படித்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்பது நாள் இரண்டையும் செய்யாமல், மத்தியானம் அவர் எழுந்து போகிற நேரம் பார்த்துத் திருடி மாதிரி அம்பை அழுத்திக்கொண்டிருந்தேன். ஒன்பது நாளும் "இன்னிக்கும் இருக்கு" என்றே வந்தது.

பத்தாம் நாள் அமைப்புக் கோப்பைத் திறந்து "மெர்சி, மதாம்" என்ற பதில் வரியை அழித்தேன். அந்த இடத்தில் அவருடைய எழுத்துக்கூட்டலிலேயே "மதாம், ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று எழுதிச் சேமித்தேன். மறுநாள் காலை அவர் ஒரு வரி அடித்து என்டர் தட்டியதைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். விசைகளின் மேலேயே கை நின்றுவிட்டது. அப்படி வெளுத்த முகத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"மெஷின் என்னமோ உளறுது. ரிப்பேரா?"

"இல்லீங்க மதாம். சரியாத்தான் வேலை செய்யுது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, போய் வேலையப் பாரு" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்ததும், இனி செத்தாலும் அந்த அம்பைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன். தொடவும் இல்லை. பெரிய யோக்கியம்!

அடுத்த மூன்று வாரத்தில் மதாம் இரண்டு மூன்று தடவை அரைநாள் விடுப்பு எடுத்தார். ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார் என்று எனக்குள் நிம்மதி. ஆனால் காலையில் வந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னையே பார்ப்பார். கோபத்தில் பார்க்கிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொள்வேன். பிறகு ஒரு நாள், வில்லியனூரில் உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லி ஒரேயடியாகப் பத்து நாள் விடுப்பில் போனார்.

அவர் போன நான்காம் நாள், வேறொருத்தி மதாமின் கணினியில் உட்கார வேண்டி வந்தது. அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று பழைய வரிகளையெல்லாம் அழிக்க நான் முந்திக்கொண்டேன். அழிப்பதற்காக அந்த வரிகள் சேர்ந்திருக்கும் கோப்பைத் திறந்தபோது எல்லாம் ஒரே பட்டியலாக வந்து நின்றன.

"யார் வேலைன்னு தெரியும். கோவம் இல்ல."

"திங்கக்கிழமை போலாம்னு இருக்கேன். பயமா இருக்கு. நீ கூட வர்றியாம்மா?"

"பதில் இல்ல. வாயத் தொறந்து கேக்க வெக்கமா இருக்கு."

"கேட்டு வரைக்கும் வந்தா போதும். உள்ள நானே போயிப்பேன்."

"இன்னிக்கும் தலையக் குனிஞ்சுக்குறா. படிக்கிறாளா, படிக்கலையா?"

"நாளைக்கு ஆப்பரேஷன்."

நான் படிப்பேன் என்று நம்பி மூன்று வாரம் எனக்கே எழுதியிருக்கிறார். ஒன்பது நாள் கேட்காமல் படித்தவள், அவர் கேட்டபோது படிக்கவில்லை. அழிக்கவும் மறந்து, கணினியை அணைத்துவிட்டு ஓடினேன்.

அவர் பிழைத்துக்கொண்டார், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் ஒவ்வொரு பரிசோதனைக்கும் நான்தான் கூடப் போனேன், கேட்டைத் தாண்டி டாக்டர் அறைவரைக்கும். இப்போது போனிலேயே எழுதலாம் என்று சொன்னாலும் கேட்பதில்லை, நாட்குறிப்பைக் கையால்தான் எழுதுகிறார். ஆனால் கூடப் போய் என்ன, அந்த முதல் தடவை போகவில்லையே.

அன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். கட்டு கழுத்துவரை ஏறியிருந்தது. எல்லாக் கட்டில் பக்கத்திலும் யாராவது ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், அவர் பக்கத்து ஸ்டூலில் அவருடைய கைப்பை மட்டும் இருந்தது. மெதுவாகக் கண்ணைத் திறந்து, நான் மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்தார். எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தால் பார்க்கிற அதே பார்வை.

"இப்பத்தான் படிச்சியா?" என்றார்.