கொடியில் போட்ட சிவப்புப் புடவை

எஸ்தரின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. பொய் சொன்னவள் நான்தான்!

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஆனாலும் இதை வேறொருவர் கையால் எழுத விடமாட்டேன். பொறுமையாகப் படியுங்கள்.

கூடுவாஞ்சேரிக்கு உள்ளே, பழைய காகிதத்தைக் கூழாக்கி அட்டை செய்யும் மில். காகிதம் பிரிக்கும் பெண்களுக்கு நான்தான் தலைவி. கூடவே வரும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி ஒதுக்குவோம். அதை வெளியே அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை... பாய்லரில் போட்டு எரித்தார்கள். புகை எங்கள் தெருவில்தான் இறங்கும்.

முட்டி தேய்ந்து நான் வேலையை விட்டபின், மேனேஜர் வீடு தேடி வந்தார். என் வீடு தெருமுனையில். சோதனைக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் கார் திரும்பினால் மாடிக் கொடியில் சிவப்புப் புடவை போட வேண்டும். பாய்லர்காரர்கள் பார்த்து விறகுக்கு மாறிவிடுவார்கள். போனில் சொன்னால் தடயம் இருக்குமாம்.

"உங்கள விட்டா நம்பிக்கையான ஆள் ஏதும்மா?" என்றார்.

அந்த ஒரு 'அம்மா'வுக்கு மயங்கினேனே!

அதிகாரிகளுக்கு மனு போட்டதே பக்கத்து வீட்டு எஸ்தர்தான். மூச்சிரைப்புக்காரி. கார் வந்தது. புடவையைப் போட்டேன். அவர்கள் மில்லில் டீ குடித்து வெளியே வருவதற்குள் புகை வெளுத்துவிட்டது.

"இன்னாக்கா இது? காலைல கன்னங்கரேல்னு வந்துகினு இருந்துச்சே! நீ பாத்தல்ல?" என்றாள் எஸ்தர்.

"உன் கண்ணுல கோளாறுடி. டாக்டராண்ட போய் காட்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தேன்... சிரித்தேன்!

அவள் நம்பினாள். தாம்பரம் போய்க் கண்ணாடி வாங்கி வந்தாள். "கண்ணாடி போட்டாலும் கருப்பாத்தான் கீதுக்கா" என்றாள், தப்புச் செய்தவள் போல. மறுபடி மனு போடவேயில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தாள். புகையால்தானா? டாக்டர் சொல்லவில்லை. எந்த வாயால் நான் கேட்பேன்?

அவள் மகள் கண்ணாடியை என் கையில் வைத்தாள். "நீங்க சொல்லித்தானே பெரிம்மா அம்மா வாங்குச்சு. நீங்களே வெச்சிக்கோங்க."

வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் அந்தப் புடவையை மாடியில் போட்டுக் கொளுத்தினேன். நைலான்... கருகருவென்று எழும்பியது. பக்கத்து மாடியிலிருந்து எஸ்தரின் மகள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பெரிம்மா, அங்க கரிப்புகையா வருது?"

"எங்கடி? ஒண்ணுமில்லையே" என்றேன்.

மறுபடியும்... வாய் தானாகச் சொல்லிற்று. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போனாள்.