செவ்வாயில் வாய்க்கால் இல்லை

ஆடி மாதக் காற்றில் நெடுந்தீவில் வாய் திறந்து பேச முடியாது... பல்லில் மணல் கடிபடும். கிணற்றில் இறங்கும் வாளி தண்ணீரைத் தொடாமல் கல்லில் மோதும் சத்தம் தூரத்திலேயே கேட்கும்.

1965. எனக்கு இருபத்துமூன்று வயது. புளியங்கூடலிலிருந்து நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான ரீச்சராக முதல் நியமனம். பெட்டிக்குள் நாலு சேலை, ஒரு சின்ன றேடியோ, ஒரு கொப்பி.

அந்தக் கொப்பிதான் என் உயிர். 'மரினர்' என்ற விண்கலம் செவ்வாயை நோக்கிப் புறப்பட்ட நாளிலிருந்து பேப்பரில் வந்த ஒவ்வொரு துண்டையும் வெட்டி ஒட்டியிருந்தேன். சின்ன வயதில் ஒரு பழைய புத்தகத்தில் செவ்வாயின் வாய்க்கால்களைப் பற்றிப் படித்தபோது பிடித்த பைத்தியம் அது. வறண்டுபோகும் உலகம்... அங்கே வாழ்கிறவர்கள் துருவத்துப் பனியை உருக்கி, ஆயிரக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவருகிறார்களாம்.

நான் முழுசாக நம்பினேன். அதெல்லாம் சந்தேகம் என்று எழுதியவர்களின் கட்டுரைகளையும் ஒட்டித்தான் வைத்திருந்தேன். வாசிக்கத்தான் மனமில்லை.

வாசிகசாலையில் ஒரு பின்னேரம் பேசச் சொன்னார்கள். இதைத்தான் பேசினேன்.

முன்வரிசையில் சூசை அண்ணை. மாடு வளர்க்கிறவர். அந்தக் கோடையில் தண்ணீரில்லாமல் அவருடைய நாலு மாடுகள் செத்திருந்தன. பேச்சு முடிந்ததும் எழும்பிக் கேட்டார்.

"ரீச்சர், அவங்கள் அவ்வளவு தூரம் வெட்டுறாங்கள் எண்டால், எங்கடை புல்வெளியிலை விழுற மழைத்தண்ணி கடலுக்குப் போகாமல் குளத்துக்கு வர ஒரு வாய்க்கால் வெட்ட எங்களுக்கு ஏலாதோ?"

"ஏன் ஏலாது?" என்றேன்.

அடுத்த நாளே மண்வெட்டியோடு பத்துப் பேர். கிழமை முடிவதற்குள் நாற்பது பேர். சூசை அண்ணையின் மனைவி அன்னம்மாக்கா ஓலைக் கடகத்தில் மண் சுமந்தார். 'செவ்வாய் வாய்க்கால்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு றேடியோவில் செய்தி வந்தது. விண்கலம் செவ்வாயைக் கடந்துவிட்டது, படங்கள் புள்ளி புள்ளியாக வந்துகொண்டிருக்கின்றன... அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பேப்பர் கொண்டுவரும் லோஞ்சுப் படகுக்காகக் காத்து நின்றேன். கடைசியில் படம் போட்ட பேப்பர் வந்தது. இறங்குதுறையிலேயே பிரித்தேன்.

குழிகள். நிலவில் இருப்பது போல வெறும் குழிகள்.

வாய்க்கால் இல்லை. மரம் செடி இல்லை. ஒருவரும் இல்லை.

நெருங்கிய ஒருவரின் சாவுத் தந்தி வந்தது போல நின்றேன். அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. அந்த வெயிலில் நாற்பது பேர் என் சொல்லை நம்பி மண் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

மறைத்துவிடலாம். அங்கே பேப்பர் வாசிக்கிறவர்கள் குறைவு. நடந்த நேரம் முழுவதும் அதையே யோசித்தேன். ஆனால் கால் நேரே வாய்க்காலடியில் போய் நின்றது.

"அண்ணை... நான் சொன்னது பிழை. செவ்வாயிலை வாய்க்கால் இல்லை. ஆக்களும் இல்லை."

சூசை அண்ணை பேப்பரை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "அப்ப ஆர் வெட்டினது?"

"ஒருத்தரும் வெட்டேல்லை. தூரத்திலை நிண்டு பாத்தவைக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கு."

பின்னால் நின்ற ஒருவர் கத்தினார். "அப்ப எங்களை ஏன் மூண்டு கிழமையா வெய்யிலிலை நிப்பாட்டினீங்கள்?"

மண்வெட்டியை எறிந்துவிட்டு நடந்தார். பாதிப் பேர் அவரோடு போனார்கள்.

அன்னம்மாக்கா கடகத்தை இறக்கவேயில்லை. கணவரைப் பார்த்துச் சொன்னார். "அங்கை ஆக்கள் இல்லாட்டி இல்லை. இஞ்சை மாடு நிக்குதெல்லே? இஞ்சாருங்கோ, வெட்டுங்கோ!"

சூசை அண்ணை மறுபடி குனிந்தார். நான் சேலையைச் செருகிக்கொண்டு, அவர் எறிந்துவிட்டுப் போன மண்வெட்டியை எடுத்தேன்.

முதல் மழையிலேயே ஓரிடத்தில் கரை உடைந்தது. கல் அடுக்கி அடைத்தோம். மார்கழியில் குளத்தில் இடுப்பளவு தண்ணீர்... அடுத்த கோடையில் சூசை அண்ணையின் மாடு ஒன்றுகூடச் சாகவில்லை.

ஆறேழு வருடம் கழித்து, நான் மாற்றலாகி ஊரோடு வந்த பிறகு, இன்னொரு அதிர்ச்சி. வேறொரு விண்கலம் செவ்வாயைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தது. வறண்ட ஆற்றுப் படுகைகள்! யாரும் வெட்டவில்லை, ஆனால் ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் ஓடியிருக்கிறது. பேப்பரை வைத்துக்கொண்டு விசர் பிடித்தவள் போல வீட்டுக்குள் நடந்தேன். அன்றைக்கே சூசை அண்ணைக்குக் கடிதம் போட்டேன்.

பென்சிலில் பதில் வந்தது. "ரீச்சர், அவ்வளவு தண்ணியும் எங்கை போனது? விசாரிச்சு எழுதுங்கோ."

எழுதவில்லை. எனக்குத் தெரியாது. அப்போது ஒருவருக்கும் தெரியாது.

இன்று செவ்வாயின் கலர்ப் படம், காலைத் தேத்தண்ணி ஆறுமுன் போனுக்கு வந்துவிடுகிறது. பெருவிரலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறேன். அன்று ஒரு மங்கல் படம் என்னை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை...

அந்தத் தண்ணீர் எங்கே போனதென்று இப்போது ஓரளவு சொல்கிறார்கள். கொஞ்சம் வானத்துக்குப் போய்விட்டதாம், கொஞ்சம் நிலத்துக்குள் உறைந்து கிடக்கிறதாம்.

எழுதியனுப்பலாம். அந்த விலாசத்தில்தான் இப்போது ஒருவரும் இல்லை.