ஸ்கின் ஓடும் லேப்டாப்

என் லேப்டாப் திரையில் ஒரு ஐகான்கூடக் கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் கம்ப்யூட்டரைத் திறந்தால் கோப்புகள் சந்தைக்கடை மாதிரி இறைந்து கிடக்கும். என்னுடையதைத் திறந்தால் இடது ஓரத்தில் தமிழ் எழுத்தில் மணி தெரியும். அதற்குக் கீழே கிழமையும் தமிழ் மாதமும். வலது மூலையில் ஒரு சின்னக் குடை. மழை வரும் என்றால் அது விரியும், வராது என்றால் மடங்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் பின்னால் பம்பாய் திலக் நகர் ஸ்டேஷன் நடைபாலத்திலிருந்து நானே எடுத்த படம், மழை நின்றதும் தண்டவாளம் மினுங்கும் நேரத்தில் எடுத்தது.

இதையெல்லாம் ஒரு இலவச மென்பொருளை வைத்துச் செய்கிறேன். அதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்கின் என்று பெயர். மணி ஒரு ஸ்கின், குடை ஒரு ஸ்கின். ஒவ்வொன்றையும் வரி வரியாக எழுதித்தான் செய்ய வேண்டும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் குடை காணாமல் போய்விடும். எங்கே விட்டோம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும். நான் ஒன்றும் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. வாஷியில் ஒரு சரக்குக் கம்பெனியில் கன்டெய்னர் விவரங்களை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பவள். அங்கே எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் போக வேண்டும் என்று அடுத்தவர் சொல்வார். இங்கே குடை எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

லேப்டாப் என் மகள் கல்லூரியில் வைத்திருந்தது. அவள் புனேயில் வேலைக்குப் போனதும் எனக்கு வந்தது. நன்றாக உழைத்த மெஷின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் இரைவதுபோல எந்நேரமும் இரையத் தொடங்கியது. மணியில் நொடிகள் தாவித் தாவிப் போயின. குடை பாதி விரிந்து நின்றுவிடும், பார்த்தால் யாரோ காற்றில் மாட்டிக்கொண்டதுபோல இருக்கும். எனக்கு அதைவிடப் பெரிய குறை, எழுத்து. அந்தத் திரையில் 'மழை' என்று எழுதினால் ழகரத்தின் சுழி அடைந்துபோய் ஒரு கறுப்புப் பொட்டு மாதிரி ஆகிவிடும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

புது லேப்டாப் வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன்.

"என்னத்துக்கு?" என்றார்.

அவர் கஞ்சர் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிக்சி வாங்கினாலும், திரைச்சீலை வாங்கினாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான். "ஆபீஸ் வேலைக்குன்னா ஆபீஸ்ல கேளு, குடுப்பாங்க. வீட்டு வேலைக்குன்னா இதே போதுமே. பில் கட்டத்தானே செய்யுற?"

இரண்டும் நியாயமான பேச்சு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை, எனக்குச் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் ஒரு வேலைக்காகத்தான் வந்திருக்கிறது. துவைக்க ஒன்று, படிக்க ஒன்று, வேலைக்குப் போய்வர ஸ்கூட்டர். என் பட்டுப்புடவைகள்கூட யாராவது ஒருவர் கல்யாணத்துக்காக வந்தவைதான். பார்க்க எனக்குப் பிடிக்கிறது, அதற்காக மட்டும் ஒரு பொருள் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதே இல்லை. ஹார்பர் லைன் ரயிலில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிற எனக்கு, இதைச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. அதற்காகவே அந்தப் புது லேப்டாப் எனக்குக் கட்டாயம் வேண்டும் என்று ஆகிவிட்டது.

தாராவியில் என் அண்ணன் தோல் பை செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். பம்பாயில் எந்தப் பொருள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவனைக் கேட்டால் போதும். போன் போட்டேன். பின்னால் தையல் மெஷின்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"லேப்டாப்பா? செம்பூர்ல நமக்குத் தெரிஞ்ச கடை இருக்கு, கூட்டிட்டுப் போறேன். என்ன வேணும்னு மட்டும் சொல்லு பிள்ள."

"ஸ்கின் நல்லா ஓடணும்ணே. அதான் முக்கியம். இப்ப இருக்கதுல ஓடவே மாட்டேங்கு."

"ஸ்கின்னா! அத எங்கிட்ட விடு. என்ன கலர்ல வேணும்?"

நான் அசந்துபோனேன். என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. "கருநீலம்தாண்ணே. வெளிர் கலர் போட்டா கண்ணு கூசும்."

"மெல்லிசா, கனமா?"

"மெல்லிசுதான் நல்லாருக்கும்." எழுத்தைச் சொன்னேன்.

"ஓரம் எப்படி? வெட்டுனாப்புல நிக்கணுமா, வளைஞ்சு வரணுமா?"

"லேசா வளைஞ்சா போதும்ணே."

"எக்தம் மஸ்தா, பிரமாதமா இருக்கும் பாரு. ஞாயித்துக்கெழம வாரேன்" என்று வைத்துவிட்டான். அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடப் பிறந்தவனுக்கு நம்மைப் புரியாமலா போகும் என்று ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வந்தான். அக்குளில் ஒரு நீளச் சுருள். செருப்பைக் கழற்றிய கையோடு சாப்பாட்டு மேசையில் அதை விரித்தான். கருநீல ஆட்டுத்தோல். மெல்லிசாக, மெத்தென்று, அழகாகத்தான் இருந்தது.

"தொட்டுப் பாருட்டி. இத மேல போட்டுத் தச்சா உன் மவ கல்யாணம் முடிஞ்சு பேரன் பொறந்தாலும் ஓடும்."

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக விளங்கியது. அவன் பட்டறையில் ஸ்கின் என்றால் ஆட்டுத்தோல். ஓடும் என்றால் கிழியாமல் உழைக்கும். நான் எழுத்துக்கு மெல்லிசு சொன்னேன், அவன் தோலுக்கு எடுத்துக்கொண்டான். இத்தனை வருடத்தில் என்னிடம் சரியான கேள்வி கேட்ட ஒரே ஆள் ஆட்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறான்.

"ஸ்கின்னா தோல் இல்லண்ணே!" என்று கத்தினேன்.

"பின்ன ஸ்கின்னுக்கு வேற என்னட்டி அர்த்தம்?"

என் கணவர் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பழைய லேப்டாப்பைத் தூக்கிவந்து அந்தத் தோலின் மேலேயே வைத்துத் திறந்தேன். இரைச்சலோடு மணி வந்தது, கிழமை வந்தது, குடை பாதி விரிந்து நின்றது.

"இதாண்ணே ஸ்கின். இது, இது, அந்தக் குடை. எல்லாம் நான் செஞ்சது."

அண்ணன் குனிந்து பார்த்தான். என் கணவரும் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"இதைத் தெனமும் பாக்கேனே. கம்பெனிலேருந்தே இப்படித்தான் வருதுன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

இதைவிடப் பெரிய பாராட்டும் கிடையாது, இதைவிட எரிச்சல் மூட்டும் பேச்சும் கிடையாது. "நாந்தான் செஞ்சேன்" என்றேன்.

"எதுக்கு?"

மறுபடியும் அதே கேள்வி. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "எதுக்கும் இல்ல. சும்மா. பாத்தா எனக்குச் சந்தோசமா இருக்கு. ஆபீசுக்கு இல்ல, பில் கட்ட இல்ல, ஒரு உபயோகமும் இல்ல. இதுக்குத்தான் புது லேப்டாப் கேக்கேன். போதுமா?"

"அதுக்கு ஏன் கத்துத?" என்றான் அண்ணன். என் கணவர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கடைக்கு வருகிறார் என்பது தெரிந்தது, என்ன நினைக்கிறார் என்பது தெரியவில்லை. லிஃப்டில் "பாப்போம்" என்றார். அவர் பாப்போம் என்று சொன்ன பல காரியங்கள் இன்னும் பாப்போமிலேயே நிற்கின்றன. ஆட்டோவில் அண்ணன் மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தான்.

கடையில் லேப்டாப்புகளை மூன்று வரிசையாக வைத்திருந்தார்கள். மேலே பலகைகள்: ஸ்டூடண்ட், ஆபீஸ், கேமிங். விற்பனையாளர் என்னைப் பார்த்தவுடன் ஆபீஸ் வரிசைக்கு நடந்தார். நான் கேமிங் வரிசையில் நின்றதும் "பச்சோங் கே லியே, மேடம்?" என்றார். பிள்ளைகளுக்கா என்று. இல்லை, ஸ்கின் ஓட வேண்டும் என்றேன். புரிந்துவிட்டது என்று தலையாட்டிவிட்டு மேசைக்கு அடியிலிருந்து ஒரு கட்டு எடுத்து வைத்தார். லேப்டாப் மூடி மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர்கள். சிங்கம், பிள்ளையார், எரிகிற மண்டையோடு.

அண்ணன் என்னைப் பார்த்தான். "ஆட்டுத்தோலே தேவலையே பிள்ள" என்றான். இந்த முறை நான்தான் முதலில் சிரித்தேன்.

"அப்போ எந்த யூஸ், மேடம்?" என்று விற்பனையாளர் இந்தியில் மறுபடி கேட்டார். மூன்று பலகைகளையும் கையால் காட்டினார். என் கணவர் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் எதையாவது சொல்லி முடித்துவைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.

"ஷௌக் கே லியே" என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்த வார்த்தை. தமிழில் யோசித்திருந்தால் வந்திருக்காது. எங்கள் வீடுகளில் ஷோக்கு என்று சொன்னால் அது பாதித் திட்டு. ஷோக்குப் பண்ணுகிறாள் என்றால் வேலை வெட்டி இல்லாமல் மினுக்குகிறாள் என்று அர்த்தம். இந்தியில் அதே வார்த்தை ஒருவரின் ஆசை. பாட்டுக் கேட்பவருக்கு அது இருக்கும், புறா வளர்ப்பவருக்கு இருக்கும், யாரும் அதற்குக் கணக்குக் கேட்பதில்லை.

அந்த மனிதர் இமைகூடக் கொட்டவில்லை. "ஷௌக் கே லியே? தோ ஃபிர் அச்சா ஸ்க்ரீன் லீஜியே" என்றார். ஆசைக்கு என்றால் நல்ல திரையாக எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். இத்தனை நாளாக நான் முழுங்கிக்கொண்டிருந்ததை ஆலு வடா ஆர்டர் வாங்கிக்கொள்வதுபோல வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் நிமிர்ந்து நின்று வேலையைப் பார்த்தேன். பென் டிரைவில் என் ஸ்கின்களைக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு லேப்டாப்பிலும் போட்டு ஓட்டிப் பார்த்தேன். கேமிங் மெஷின் எனக்கு வேண்டாம். கடிகாரத்துக்கும் குடைக்கும் அவ்வளவு பலம் தேவையில்லை, பேட்டரியைத்தான் தின்னும். ஆனால் மெமரி தாராளமாக வேண்டும், பின்னால் எத்தனை ஸ்கின் ஓடினாலும் ஆபீஸ் ஃபைல் திறக்கும்போது திணறக்கூடாது. ஒரு திரையில் கறுப்பு அப்படியே கண்மை மாதிரி இருந்தது. என் கணவர் அதைவிட்டு நகரவில்லை.

"இதுல கலர் தூக்குதே" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என் மணி நாள் பூரா ஒரே இடத்துல நிக்கும். இந்த வகைத் திரையில வருசக்கணக்குல நின்னா தடம் விழுந்துரும். அணைச்சாலும் நிழல் தெரியும்."

"இதெல்லாம் எப்பப் படிச்ச?"

"நீங்க நியூஸ் பாக்கும்போது."

கடைசியில் பளபளப்பு இல்லாத, சாதாரண மூடி போட்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். விற்பனையாளருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். அதில் என் குடை ஒரே வீச்சில் விரிந்தது. மழை என்ற சொல்லில் ழகரத்தின் சுழி நூல் மாதிரி தெளிவாகத் திரும்பி வந்தது. என்னுடைய எழுத்தை நான் அதுவரை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷத்தில் அண்ணன் கையைப் பிடித்துக் கிள்ளிவிட்டேன். அவன் அந்தத் தோலில் எனக்கு ஒரு உறை தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டு, ஆர்டர் இருக்கிறது என்று கடை வாசலிலிருந்தே தாராவிக்குக் கிளம்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்து புது லேப்டாப்பை மேசையில் வைத்துத் திறந்தேன். கம்பெனியிலிருந்தே வருகிற நீல நிறப் படம், ஒரு குப்பைத்தொட்டி ஐகான், வேறொன்றும் இல்லை. பசி வந்துவிட்டது. முதலில் சாதம் வைக்கலாம், ஸ்கின் வேலையைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுக்களைக்குப் போனேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தபோது என் கணவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். எதையோ தொலைத்தவர் மாதிரி முகம்.

"அந்தத் திரை வெறிச்சுன்னு கெடக்கு. பாக்கவே நல்லால்ல. நீ போய் உன் வேலையப் பாரு, சாதம் நான் வைக்கேன்."

என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். எதுக்கு என்று கேட்காமல் அவர் என்னை ஒரு வேலைக்கு அனுப்பியது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது, கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனேன். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ம், ஆரம்பி" என்றார்.