ஒரு நாளைக்குக் கேட்ட உழவு மெசின்

வன்னியில் அக்கராயன் என்ற ஊரில் கமலாசனியிடம் யார் எதைக் கேட்டாலும் அவள் வாயில் முதலில் வருவது "இல்லை." ஒரு சுண்டு சீனி இருக்கிறதா என்றால் இல்லை. மண்வெட்டி தரலாமா என்றால் இல்லை. கேட்டவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படலைவரைக்கும் போகவேண்டும். படலையைத் திறக்கும்போது பின்னாலிருந்து கூப்பிடுவாள். கேட்டதையும் கொடுத்து, கேட்காத நாலு முருங்கைக்காயையும் கையில் திணித்து அனுப்புவாள். ஊருக்கு இது பழகிப்போயிருந்தது. அவளிடம் கடன் கேட்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதே இல்லை. எப்படியும் ஒருமுறை படலைக்குப் போய்வரத்தானே வேண்டும்.

புருசன் வீரகத்தி இதற்கு நேர்மாறு. அந்த மனிதருக்கு "ஓம்" என்பதைத் தவிர வேறு பதில் தெரியாது. கலியாணத்துக்குக் கேட்டபோதும் ஓம் என்றுதான் சொன்னார். யாரைக் கட்டுகிறோம் என்று விசாரித்தது அதற்குப் பிறகு.

கமலாசனியின் தகப்பன் புங்குடுதீவிலிருந்து வந்து குளத்து நீரை நம்பி அக்கராயனில் காடு வெட்டி வயலாக்கியவர். மகளுக்குச் சீதனமாக ஒரு சிவப்பு உழவு இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். பத்திரம் கமலாசனியின் பெயரில். ஓட்டுகிறது வீரகத்தி, சொந்தக்காரி அவள். ஆயுதபூசைக்கு அதன் நெற்றியில் திருநீறு பூசிப் பொட்டும் வைப்பாள். வீரகத்திக்கு அந்த நாளில் புது வேட்டி கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். மெசினுக்கு மாலை தப்பாது.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு வைகாசியில் இயேசு சபைப் பாதர் அருளப்பு மட்டக்களப்புப் பக்கமிருந்து கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் பொறியியல் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். ஏழு மாணவர்கள், ஒரு கரும்பலகை, ஒரு லேத்து. லேத்து என்றால் இரும்பைச் சுழற்றி விட்டுச் செதுக்குகிற இயந்திரம். "இஞ்ஞாசியார் பொறியியல் கல்லூரி" என்று எழுதிய பலகை, அது தொங்கிய கொட்டிலைவிட இரண்டு முழம் நீளம். பாதருக்கு அதில் வெட்கமே இல்லை. கொட்டில் வளர்ந்து பலகையை எட்டிப்பிடிக்கும் என்பார்.

சண்டையில் மின்சாரம் போய் அப்போது ஒரு வருடம். லேத்தில் கோழிகள் ஏறி நின்றன. உழவு இயந்திரத்தில் பெல்ட் மாட்டினால் லேத்து சுற்றும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். நல்ல உழவு இயந்திரம் எங்கே இருக்கிறது என்று பாதர் விசாரித்தார்.

"அக்கராயனில ஒண்டு நிக்குது, பாதர். ஆனால் அந்த மனிசி என்ன கேட்டாலும் இல்லையெண்டுதான் சொல்லும்."

சொன்னவன் அத்தோடு நிறுத்திவிட்டான். படலைக் கதையைச் சொல்லவில்லை. அரைவாசிச் செய்தியை வைத்துக்கொண்டு பாதர் ஒரு திட்டம் போட்டார். படித்தவர்கள் விடுகிற பிழையே இப்படித்தான் இருக்கும். கமலாசனி மண்ணெண்ணெய்க்குச் சங்கக்கடை வரிசையில் நிற்கிற நாளாகப் பார்த்து அவர் அக்கராயனுக்கு வந்தார்.

"திறப்பு விழாவுக்குத்தான், தம்பி. ஒரு நாளைக்கு," என்றார் வீரகத்தியிடம்.

"ஓம்," என்றார் வீரகத்தி.

கமலாசனி போத்தலோடு வீடு திரும்பினாள். முற்றத்தில் சில்லுத் தடம் மட்டும் இருந்தது. அடுத்த வளவு நேசமலர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணையும் மெசினும் பாதரோட போயிட்டினம். ஒரு நாளைக்காம்."

"என்னை ஆரும் கேட்டவையோ?"

நேசமலருக்கு அது எப்படித் தெரியும்? அவள் தலையை வேலிக்குக் கீழே இறக்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை வீரகத்தி யாரோ ஒருவரின் சைக்கிளில் வந்து இறங்கினார். உடம்பெல்லாம் எண்ணெய், முகமெல்லாம் சிரிப்பு.

"லேத்து சுத்துது, இஞ்சாரும். என்ன வடிவாச் சுத்துது தெரியுமோ."

"மெசின் ஆற்ரை?"

"உம்மட."

"என்னைக் கேட்டனீங்களோ?"

"பாதர் என்னைக் கேட்டவர்."

"நான் கேட்டது, என்னைக் கேட்டனீங்களோ எண்டு."

வீரகத்திக்குத் தெரிந்த ஒரே பதில் இந்த இடத்தில் பொருந்தவில்லை. இருந்தும் பழக்கதோசத்தில் "ஓம்" என்றார். அன்று இரவு அவருக்குச் சோறு வைத்தாள், குழம்பு வைக்கவில்லை.

பிறகு மாதம் ஒருமுறை அவளே சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போனாள். போகும்போது கோபம் நிறைய இருக்கும். பாதர் கதிரையைத் தூசி தட்டிப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஒரு மாணவனைக் கையால் காட்டுவார்.

"இவர் ஒரு போல்ற்றில பாதி மரை வெட்டியிருக்கிறார், தங்கச்சி. இப்ப மெசினை நிப்பாட்டினால் அது போல்ற்றுமில்லை, ஆணியுமில்லை."

அந்தப் பையன் பாதிப் போல்ற்றைப் பிடித்துக்கொண்டு பரிதாபமாக நிற்பான். பாதி வேலையில் இருக்கிற யாரையும் எழுப்புவது கமலாசனிக்குப் பிடிக்காது. "முடிஞ்ச உடன அனுப்புங்கோ," என்று சொல்லிவிட்டு வருவாள். அடுத்த மாதம் வேறொரு பையன், வேறொரு பாதிப் போல்ற்று. அவள் வருகிற நாள் தெரிந்து பாதர் பாதிப் போல்ற்று ஒன்றை எடுத்து வைப்பதாக நேசமலர் சந்தேகப்பட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

மாரிமழையோடு வருகிற காலபோக உழவுக்கு மட்டும் மெசின் பத்து நாள் வீட்டுக்கு வரும். தனியாக வராது. கொப்பியும் பேனையுமாக இரண்டு மாணவர்கள் கூட வருவார்கள். பாதர் அதற்குக் களப்பயிற்சி என்று பேர் வைத்திருந்தார். வரம்பில் நின்று ஏதேதோ எழுதிக்கொண்டிருப்பவர்களை அவள் நாற்றுமுடி சுமக்க விட்டாள். அதுவும் களப்பயிற்சிதான்.

டீசல் வராமல் நின்றபோது மண்ணெண்ணெயோடு கிடைத்த எண்ணெயெல்லாம் கலந்து மெசினை ஓட்டினார்கள். தேங்காயெண்ணெய் கலந்த நாளில் கல்லூரிப் பக்கம் வடை சுடுகிற வாசம் அடிக்கும். மாணவர்களுக்குப் பாடம் ஏறாது. வீரகத்தி வீட்டுக்கு வந்துபோகிற சனிக்கிழமைகளில் குசினியில் எண்ணெய்ப் போத்தல் இறங்குவதைக் கமலாசனி கவனித்துத்தான் வைத்திருந்தாள்.

கல்லூரி வளர்ந்தது. ஏழு பத்தொன்பதாகி, நாற்பத்தொன்றாகியது. வன்னியில் எல்லாம் உடைந்துகொண்டிருந்தது, புதிதாக ஒன்றும் வரவில்லை. தண்ணீர்ப் பம்புக்கு ஒரு தண்டு, சைக்கிளுக்கு ஓர் அச்சு, அரிசி ஆலைக்கு ஒரு பல்லுச் சில்லு, எதுவானாலும் அந்த லேத்தில்தான் பிறக்கவேண்டியிருந்தது. அந்த லேத்தைச் சுழற்றியது கமலாசனியின் சீதனம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு சண்டை நெருங்கிக் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. ஒருநாள் மத்தியானம் படலைக்கு வெளியே பழகிய சத்தம் கேட்டது. கமலாசனி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஐந்து வருடமாக அவள் காத்திருந்த மெசின் ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் பெட்டியில் லேத்து. லேத்துக்கு மேல் கரும்பலகை. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு பாதர். பின்னால் சைக்கிள்களில் நாற்பத்தொரு மாணவர்கள். பெரிய பலகையை இரண்டு பேர் தோளில் தூக்கி வந்தார்கள்.

"மெசினைக் கொண்டு வந்திட்டன்," என்றார் வீரகத்தி.

"ஓம், கண்டனான்," என்றாள் கமலாசனி.

"ஒரு கிழமைக்குத்தான், தங்கச்சி," என்றார் பாதர். அதையும் லேத்தை இறக்கிவிட்டுத்தான் சொன்னார்.

கமலாசனி பிள்ளைகளின் கால்களைப் பார்த்தாள். நடந்தும் தள்ளியும் வந்த கால்கள் வீங்கியிருந்தன. பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள். மாட்டுக்கொட்டில் லேத்துக்குப் போனது. மாடு புளியமரத்துக்குப் போனது. மெசினின் திறப்புச் சாவி மட்டும் நேரே கமலாசனியின் உப்புப் பானைக்குள் போனது.

அன்றிலிருந்து காலை ஆறிலிருந்து எட்டுவரை மெசின் அவளுடையது. அதில் பம்பைப் பூட்டித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பாள். இயக்குகிற முறையையும் ஓட்டுகிற முறையையும் சுஜிதன் என்ற மாணவன் அவளுக்குக் காட்டிக் கொடுத்தான். எட்டு மணிக்கு உப்பைத் தட்டித் திறப்பைக் கொடுத்தால்தான் கல்லூரி தொடங்கும். தோட்டம் காய்ந்திருந்தால் ஒன்பதுக்குத் தொடங்கும். பாதரின் மணிக்கூட்டுக்கு அங்கே மதிப்பில்லை.

ஒரு கிழமை ஐந்து வருடமானது. நூற்றிருபது மாணவர்கள். வளவில் ஆறு கொட்டில்கள். குசினிக்குள் இருந்தபடியே "பெல்ட் நழுவுது, மெழுகு போடுங்கோ," என்று குரல் கொடுக்கிற அளவுக்கு அவள் காது தேறிவிட்டது. பிள்ளைகள் முன்னால் "மாமி" என்றும் பின்னால் "பெரிய பாதர்" என்றும் அவளைச் சொன்னார்கள். அவளோ கடைசிவரை கல்லூரி என்று சொல்லவில்லை. "பட்டறை" என்றுதான் சொன்னாள்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு சனம் கிளிநொச்சிக்குத் திரும்பத் தொடங்கியது. கல்லூரிக்கு அங்கே கூரை போட்ட கட்டடமும் ஒரு ஜெனரேற்றரும் கிடைத்தன. போவதற்கு முன் பத்தாண்டு நிறைவு கொண்டாட முடிவாகி, வரைபடம் படிப்பிக்கிற பரமலிங்கம் மாஸ்டர் கல்லூரி வரலாற்றைப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதி ரோணியோவில் பிரதிகள் அடித்தார். கமலாசனிக்கும் ஒரு பிரதி வந்தது. அவள் சாதாரணதரப் பரீட்சை வரை படித்தவள்; அடுப்படியில் இருந்து முழுவதையும் வாசித்தாள். இறையருள் இருந்தது. சபையின் தூரநோக்கு இருந்தது. நன்கொடையாளர்கள் இரண்டு பக்கத்துக்கு இருந்தார்கள். கரும்பலகை செய்த தச்சன்கூட இருந்தான். ஆறாம் பக்கத்தில் ஒரு வரி: "இயந்திரத்தை இயக்கும் சக்தி உள்ளூரில் பெறப்பட்டது."

மறுநாள் எட்டு மணிக்கு உப்புப் பானை திறக்கவில்லை. ஒன்பதாகியும் திறக்கவில்லை. நூற்றிருபது பேர் முற்றத்தில் நின்றார்கள். வீரகத்தி ஒருமுறை குசினிப் பக்கம் போனார், போன வேகத்தில் திரும்பினார். பிறகு பாதர் வந்து வாசலில் நின்றார். அவள் ஆறாம் பக்கத்தை நீட்டினாள்.

"இந்த உள்ளூர் ஆர், பாதர்?"

பாதர் வாசித்தார். அவருடைய முகம் சிறுத்துப்போனது. "பேர் போட்டிருக்கவேணும், தங்கச்சி. பிழைதான்."

"பேரை விடுங்கோ. பேர் எனக்கு என்னத்துக்கு?" அவள் குரல் உடைந்தது. "பத்து வரியமா மெசின் ஓடுது. மாட்டுக்கொட்டிலை எடுத்தியள், புளியமரத்தடியை எடுத்தியள். நான் தரமாட்டன் எண்டில்லை. ஒருத்தராவது ஒரு நாளாவது என்னைக் கேட்டியளோ?"

கோபத்தில் தொடங்கியது அழுகையில் முடிந்ததில் அவளுக்கே எரிச்சல். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

பாதர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் அண்டைக்கு நீங்கள் இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தனான்," என்றார். "நீங்கள் இல்லையெண்டு சொல்லுவியள் எண்டு எனக்குச் சொன்னவை. மிச்சத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. இஞ்ச வந்து இருந்த பிறகுதான் படலைக் கதை தெரியும். அப்ப கேக்க வெக்கமாக் கிடந்தது."

"இப்ப?"

பாதர் எழுந்தார். அங்கியைச் சரிசெய்தார். அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கமலாசனி தங்கச்சி, லேத்தைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோகவேணும். உங்கட உழவு மெசினை ஒரு நாளைக்குத் தருவியளோ?"

"இல்லை," என்றாள் கமலாசனி.

அந்தச் சொல் பத்து வருடமாக அவளுக்குள் கிடந்தது. சொல்லி முடித்ததும் அவள் தோள்கள் இறங்கின. பாதர் தலையை ஆட்டினார். திரும்பி, முற்றத்தைக் கடந்து, மெல்ல மெல்லப் படலையை நோக்கி நடந்தார். நூற்றிருபது பேரும் விலகி வழிவிட்டார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. படலையைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். அவள் கூப்பிடவில்லை. மற்றக் காலையும் வைத்தார். அப்போதுதான் முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது.

"பாதர்," என்று கேட்டது பின்னால். "நாளைக்கு விடிய ஏத்துங்கோ. நானும் வருவன். பொழுதுபடமுன்னம் மெசின் வீட்டை நிக்கவேணும். இந்த முருங்கைக்காயைக் கொண்டுபோய்க் குடுங்கோ பட்டறைக் குசினிக்கு, பிள்ளையள் பசியோட நிக்குதுகள்."

சொன்னபடி அடுத்தநாள் மெசினின் மட்காட்டில் இருந்துகொண்டு அவளும் கிளிநொச்சி போனாள். லேத்தை இறக்கினார்கள். பெரிய பலகையைத் தூக்கிக் கட்டினார்கள்; கட்டடம் இப்போது பலகையைவிட நீளமாகத்தான் இருந்தது. பொழுதுபடமுன்னம் மெசின் வீட்டுக்குத் திரும்பியது. பாதர் ஒரு நாளைக்கென்று கேட்டு ஒரே நாளில் முடிந்தது அந்த ஒருமுறைதான்.

காலையில் எட்டு மணிக்கு அவள் கை தன்பாட்டில் உப்புப் பானைக்குள் போனது. கொடுப்பதற்கு ஆள் இல்லை. வெறும் கொட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த நேசமலரிடம், புகை கண்ணுக்குள் போய்விட்டது என்றாள்.

பத்தாம் நாள் சுஜிதன் சைக்கிளில் வந்து ஒரு கடிதத்தை நீட்டினான். உறையில் "திருமதி கமலாசனி வீரகத்தி" என்று பாதரின் கையெழுத்தில் இருந்தது. ஜெனரேற்றர் இருமுகிறது, காரணம் பிடிபடவில்லை, உங்கள் கணவரை ஒரு நாளைக்கு அனுப்பிவைக்க முடியுமா என்று தயவாகக் கேட்டிருந்தார். அவள் உறையை இரண்டுதரம் வாசித்தாள். கடிதத்தை ஒருதரம் வாசித்தாள்.

"இல்லை," என்றாள்.

சுஜிதன் உடனே சைக்கிளைத் திருப்பிப் படலைக்கு உருட்டினான். உள்ளே வீரகத்தி அதற்குள் சேர்ட் போட்டுவிட்டார்.

"நில்லு, தம்பி. ஆளைக் கூட்டிக்கொண்டு போ. மெசின் இஞ்ச நிக்கட்டும்."

வீரகத்தி தயங்கினார். "அப்ப வயலை ஆர் உழுகிறது?"

அவள் உப்பைத் தட்டித் திறப்பை எடுத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மெசினில் ஏறி உட்கார்ந்தாள்.

"அதை நீங்கள் என்னை ஒருநாளும் கேக்கேல்லைத்தானே," என்றாள்.